ஆடத் தடையில்லை

ஆகஸ்ட் பிறந்தால் லோரியான் குலுங்கும். பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டனிக் கடற்கரையில் இருக்கிற துறைமுகம். 1971 முதல் இங்கே கெல்டிக் விழா நடக்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், கலீசியா எல்லாம் வந்து இறங்கும். பைக்குழல் அலறும். நம் நாதஸ்வரத்துக்குப் பங்காளி போல இருக்கும் பொம்பார்ட் வாத்தியம் அதற்குப் பதில் சொல்லும். லட்சக்கணக்கில் கூட்டம். முன்வரிசையில் பெரிய மனிதர்கள். பேச்சில் தவறாமல் ஒரு சொல்: பாரம்பரியம்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666இல் எழுந்த ஊர் இது. புதுச்சேரியில் ஏற்றிய துணி மூட்டைகள் இங்கேதான் இறங்கின, இங்கேதான் ஏலம் போயின. வந்த சரக்கை விரித்துக் காட்டி விற்பது ஊருக்குப் பழக்கமான தொழில். இப்போது கடைவிரித்திருப்பது உள்ளூர்ச் சரக்கு.

விழா நடத்துகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் மெய்யாகவே உழைக்கிறார்கள். கேள்வி, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிற அரசாங்கத்திடம்தான். அந்தப் பாட்டு எந்த மொழியில் இருக்கிறது என்று ஐயாவுக்குத் தெரியுமா?

தெரியும். நன்றாகத் தெரியும். அந்த மொழியை ஒழிக்கத் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த அரசல்லவா! பள்ளியில் பிரிட்டனியின் மொழியான பிரெட்டன் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பைத் தொங்கவிட்டார்கள். அதைக் கழற்ற ஒரே வழி, பிரெட்டன் பேசுகிற இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது. எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற இடத்தில் ஒற்று வேலையும் கற்றுத்தந்தார்கள். பிரெட்டன் மொழி மறைந்தாக வேண்டும் என்று 1925இல் கல்வி அமைச்சரே வாய்விட்டுச் சொன்னார். அவராவது நேர்மையானவர். அவமானப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியில் பேசவில்லை. உடனே பாரிஸ் சொன்னது: பாருங்கள், அவர்களே கைவிட்டுவிட்டார்கள்!

பிறகு அரசுக்கு அன்பு பொங்கியது. 2008இல் வட்டார மொழிகள் பிரான்சின் பாரம்பரியச் சொத்து என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். 2012இல் பிரெட்டன் இரவு நடனக் கூடல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆடலாம். விடிய விடிய ஆடலாம்.

பேசத்தான் முடியாது. 2021 ஏப்ரலில் வட்டார மொழிகளுக்காக ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையோடு நிறைவேறியது. முழுப் பாடத்தையும் அந்த மொழியிலேயே நடத்தும் முறைக்கு அரசுப் பள்ளியில் இடம் தந்த சட்டம். ஆளுங்கட்சிக்காரர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் அரசியல் சட்ட மன்றத்துக்கு ஓடினார்கள். மே 21 அன்று அந்தப் பிரிவு ரத்து. குடியரசின் மொழி பிரெஞ்சு என்று அரசியல் சட்டத்தில் 1992இல் சேர்த்த வரியை நீட்டினார்கள். ஆங்கிலம் நுழையாமல் இருக்கத்தான் அந்த வரி என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். ஆங்கிலம் பாரிஸில் சுகமாக உலாவுகிறது. அடி விழுந்தது பிரெட்டன் பிள்ளைக்கு.

இன்னொன்றும் அதே தீர்ப்பில் போனது. பெயரில் ஒரு எழுத்தின் தலைமேல் போடும் சிறு நெளிகோடு. 2017இல் கெம்பேர் நகரில் ஒரு குழந்தையின் பெயரில் அது இருந்ததால் அந்தப் பெயரை ஏற்க நீதிமன்றம் மறுத்தது. பெற்றோர் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சட்டத்தில் எழுதியதை 2021இல் அடித்தார்கள். பெயர் எழுதிய காதுக் கிண்ணங்களுக்குப் பேர்போன ஊர் கெம்பேர். கிண்ணத்தில் அந்தக் கோட்டைப் போடலாம், சுற்றுலாப் பயணி வாங்குவார். பிறப்புச் சான்றிதழில் போட்டால் குடியரசு ஆட்டம் கண்டுவிடும்!

நிலத்தின் கதையும் இதேதான். பிரிட்டனிப் பிரபுக்களின் கோட்டை நான்ட் நகரில் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் நான்ட் பிரிட்டனியில் இல்லை. 1941இல் விஷி அரசு ஒரு ஆணை போட்டு வெட்டியது. ஹிட்லருக்குக் கைகொடுத்த அரசு அது. போர் முடிந்தது, அந்த அரசு ஒழிந்தது, வெட்டு மட்டும் நிலைத்தது. மற்ற பாரம்பரியங்களையும் இவ்வளவு பத்திரமாகக் காத்திருக்கக் கூடாதா?

1950 வாக்கில் பிரெட்டன் பேசியவர்கள் சுமார் பத்து லட்சம். 2018 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தைச் சற்றுத் தாண்டியது, அதிலும் ஐந்தில் நால்வர் அறுபதைக் கடந்தவர்கள். 2025இல் வெளிவந்த கணக்கில் அதுவும் பாதியாகி, ஒரு லட்சத்துச் சொச்சம். வட்டார மொழிகளைக் காக்கும் ஐரோப்பிய சாசனத்தில் பிரான்ஸ் கையெழுத்துப் போட்டது 1999 மே 7. இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை.