ஏழு வயது லேப்டாப்

கே: என் லேப்டாப்புக்கு ஏழு வயது. ஆன் செய்துவிட்டு காபி ஹவுஸுக்குப் போய்த் திரும்பினாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தலை முழுகிவிடலாமா? புதிதாக எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், தம்பானூர், திருவனந்தபுரம்

ப: பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய காபி ஹவுஸும் சுற்றிச் சுற்றித்தான் மேலே ஏறுகிறது. அதை யாராவது இடிக்கச் சொல்கிறார்களா?

உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். பாதி இளமை திரும்பிவிடும். (நமக்கு இப்படி ஒரு வசதி இல்லை!) பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள்.

அடுத்தது விண்டோஸ். 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பதினொன்றுக்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். இல்லையென்றால் லினக்ஸ் இருக்கிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடமாக அதில்தான் படிக்கிறார்கள்.

மதர்போர்டு போய், ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியைத் தொட்டால் மாற்றுங்கள். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். உங்கள் ஊர் மண்விளையிலேயே அரசு நிறுவனமான கெல்ட்ரானின் கூட்டு முயற்சியில் கோகோனிக்ஸ் என்று லேப்டாப் செய்தார்கள். பெயரில் தேங்காய் வாசனை அடித்தாலும், தட்டிப் பார்த்து வாங்க லேப்டாப் தேங்காயல்ல. எந்த பிராண்டானாலும் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.