பசுமைக் காவலருக்கு ஒரு வாழ்த்துமடல்

ஓட்டல் முதலாளி அவர்களே! வாசலில் ஒரு பூந்தொட்டி, கல்லாவுக்கு மேலே 'பசுமை உணவகம்' என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை, ஜூன் 5 வந்தால் வேப்பங்கன்றோடு ஒரு புகைப்படம். பூமித்தாய்க்கு இதற்குமேல் யார் என்ன செய்துவிட முடியும்?

சட்டத்தை மதிப்பதில் உங்களுக்கு நீங்களே இணை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு, 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. உடனே கேரி பேக்கை ஒழித்துவிட்டு, துணிபோலவே தோன்றும் பையைக் கொண்டுவந்தீர்கள். அதுவும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான், அதுவும் தடைப்பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் குறை சொல்பவர்கள் பேச்சு. வாழை இலைக்கும் விடுதலை வாங்கித் தந்தீர்கள். இலைபோலவே நரம்பெல்லாம் அச்சிட்டு, பிளாஸ்டிக் பூசிய தாள் வந்துவிட்டது. இலை அறுத்து விற்றுப் பிழைத்தவரும் இனி ஓய்வெடுக்கலாம். கொதிக்கும் சாம்பாரைக் கவரில் ஊற்றிக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடும் உங்கள் பார்சல் மாஸ்டரின் கைத்திறமைக்குத் தனியாக ஒரு பொன்னாடை போர்த்தவேண்டும்.

சிக்கனத்தில் நீங்கள் எங்களுக்கெல்லாம் ஆசான். காலையில் வடை சுட்ட எண்ணெய், மாலையில் பஜ்ஜியையும் இரவில் சில்லி சிக்கனையும் கண்டபிறகும் ஓய்வு பெறுவதில்லை. பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 முதல் நடப்பில் உள்ள விதி. கழித்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'ரூகோ' என்றொரு திட்டமும் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் வயிறு இருக்கும்போது லாரிக்கு எதற்கு அதைக் கொடுக்கவேண்டும்? மிச்சத்தையும் வீணாக்காமல் தள்ளுவண்டிக் கடைக்கு விற்று, ஏழைகளுக்கும் அதில் பங்கு தந்தீர்கள்.

சமத்துவத்திலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. சாப்பிட வருபவர் கண்ணெதிரே பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் தனித்தனியே நிற்கின்றன. பின்வாசலில் எச்சில் இலை, பாட்டில், டிஷ்யூ எல்லாம் எந்த வேற்றுமையும் பாராமல் ஒரே டிரம்மில் சங்கமம்! நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்கவேண்டும் என்றன 2016ஆம் ஆண்டு விதிகள். நீங்கள் அப்படிச் சுயநலமாக வைத்துக்கொள்ளவில்லை. சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்கு வாரி வழங்கினீர்கள். அங்கே எழுந்த மலைகளில் உங்கள் பெயரைப் பொறிக்காதது ஊராரின் நன்றிகெட்டதனம்.

தூக்குவாளியோடு வந்த பெரியவரை, "அளவு சரியா வராது சார், எங்க பாக்ஸ்லதான் தருவோம்" என்று திருத்தி, அந்த பாக்ஸுக்குத் தனிக்காசும் வாங்கினீர்களே, அந்தக் கனிவை எப்படி மறப்போம்! பழைய வழக்கங்களிலிருந்து மக்களை மீட்பது லேசான காரியமா?

வாசகர்களே, இப்பேர்ப்பட்ட வள்ளலுக்கு நாமும் கைம்மாறு செய்யவேண்டாமா? அடுத்த முறை பார்சலுக்குப் போகும்போது வீட்டுப் பாத்திரத்தை எடுத்துப்போய், அதில்தான் வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால், தருகிற கடைக்கு நடையைக் கட்டுங்கள். கல்லாவுக்குப் புரிகிற பாராட்டு அது ஒன்றுதான்.