நியாயமான சந்தேகம்

குருமண்வெளி,
மட்டக்களப்பு.

ஷெங்கன் நாடுகள் 29இலும் வீசாவுக்குப் பொறுப்பான பெருமக்களுக்கு,

என் மனைவியின் விண்ணப்பத்தை நிராகரித்து நீங்கள் அனுப்பிய படிவம் கிடைத்தது. எந்த நாடு என்று சொல்லி ஒருவரை மட்டும் நோகடிக்க மனமில்லை. படிவம் உங்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே. வரிசையாகக் காரணங்கள், ஒன்றுக்கு எதிரே மட்டும் அடையாளம்: வீசா முடியுமுன் அவள் புறப்பட்டுவிடுவாள் என்பதில் உங்களுக்கு நியாயமான சந்தேகம்.

36 வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். திரும்பி வருவாளா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன். படிவத்தை வாசித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு அப்படி.

மகளுக்குத் தலைப்பிள்ளை. சரக்குக்கறி காய்ச்சிக் கொடுத்து, பேரப்பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டி, 90 நாளில் வந்துவிடுவதாகத்தான் கேட்டாள். 90 யூரோ கட்டினோம். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் எடுத்தோம். எங்கள் வீட்டில் இவ்வளவு பெறுமதியான பொருள் அவள்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

சொத்துக்கு ஆதாரம் கேட்டீர்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். மாமியாரிடமிருந்து மனைவிக்கு வந்த வீடு, மனைவியிடமிருந்து மகளுக்குப் போய்விட்டது. உறுதி மகள் பேரில். மகள் உங்கள் நாட்டில். ஆக, இங்கே வீடுள்ளவள் அங்கே இருக்கிறாள், இங்கே இருப்பவளுக்கு வீடில்லை. சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

வங்கிக் கூற்றில் திடீரென்று பெருந்தொகை எப்படி வந்ததென்றும் விளக்கம் கேட்டீர்கள். ஐயா, அது பெரும்போக அறுவடை. வெட்டி, அடித்து, விற்றால் காசு ஒரே நாளில்தான் விழும். பிறகு உரத்துக்கும் உழவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாதாமாதம் 25ஆம் திகதி விளையும் நெல்லினம் எங்கள் வயல் வட்டையில் இன்னும் வரவில்லை.

அந்த வயல் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரையில். குருமண்வெளித் துறையில் 'பாதை' எனும் மிதவையில் ஏறினால் மண்டூரில் இறங்கலாம். காலையில் போகிறவர்கள் பொழுதுபடத் திரும்பிவிடுவார்கள். பாதைக்காரர் இதுவரை ஒருவரிடமும் வங்கிக் கூற்று கேட்டதில்லை.

உங்கள் 29 பேரில் இரண்டு பேர் முன்பு இந்த வாவிக்கு வந்தவர்கள். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பயண நோக்கம்: வியாபாரம். தங்குமிட ஆதாரம்: அந்தக் கோட்டையேதான். திரும்பிப் போகும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒல்லாந்தரை எழுப்பி அனுப்ப 1795இல் ஆங்கிலேயர் வரவேண்டியிருந்தது. நியாயமாகச் சந்தேகப்பட்டு ஒரு படிவம் அச்சடிக்க அன்று எங்களிடம் ஆளில்லை.

ஆதாரம் கேட்கும் பழக்கமும் பழையதுதான். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரக் கோயிலின் கல்நந்தியைக் காட்டி, "இது புல் தின்னுமா?" என்று போர்த்துக்கேயத் தளபதி ஒருவன் கேட்டானாம். நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டது என்பது எங்கள் ஊர்க் கதை. அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சாணத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பும் கேட்கவில்லை.

பேரன் பிறந்துவிட்டான். மனைவி சரக்கு வறுத்து, இடித்து, அரித்து, இரண்டு பொதியாகக் கட்டினாள். அந்தப் பக்கம் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம். விமான நிலையத்தில் மணந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: அந்தத் தூளுக்குத் திரும்பி வரும் எண்ணம் துளியும் இருக்கவில்லை.

இப்படிக்கு,
சந்தேகத்துக்குரியவளின் கணவன்