வெயில் வராத வீட்டுக்கு ஒரு பூ

நிழலில் பூக்கும் ஓராண்டுச் செடிகளில் பெங்களூரின் அல்சூருக்கு நன்றாக ஒத்துப்போவது பால்சம். நர்சரியில் இதற்கு 'இம்பேஷன்ஸ்' என்றும் ஒரு பெயர் உண்டு. காரில் வந்து இறங்குபவர்களிடம் இந்த இரண்டாவது பெயர்தான் சொல்லப்படும். விலையும் அதற்கேற்ற மரியாதையோடு இருக்கும். கென்யாவிலிருந்து மொசாம்பிக் வரை ஈரமான மரநிழலில் தானாக முளைத்துக் கிடந்த செடி இது. ஹொரேஸ் வாலர் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் நினைவாக இம்பேஷியன்ஸ் வாலரியானா என்று தாவரவியலில் பெயர் பெற்றது. நம் ஊர்க் காசித்தும்பை இதற்கு ஒன்றுவிட்ட தங்கை. தங்கைக்குப் பிறந்த வீடு இந்தியாவும் மியான்மாரும். கொஞ்சம் வெயில் கேட்பாள், பூவைத் தண்டோடு ஒட்டி இலைக்குள் ஒளித்துக்கொள்வாள். அக்காவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்த உறவினர்கள் நூறு வகைக்கு மேல் இருக்கிறார்கள்.

ஓராண்டுச் செடி என்ற அடைமொழி குளிர்நாட்டுக்காரர்கள் கொடுத்தது. அங்கே உறைபனி வந்து கதையை முடித்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் பெங்களூரில் உறைபனி விழுவதில்லை. ஆகவே இரண்டாம் வருடமும் செடி உயிரோடுதான் இருக்கும். ஆனால் தண்டு நீண்டு, அடியில் இலையெல்லாம் உதிர்ந்து, உச்சியில் நாலு பூவோடு, ஓய்வுபெற்ற பிறகும் ஆபீசுக்கு வந்து போகும் ஹெட்கிளார்க்கைப் போல நிற்கும். வருடம் ஒருமுறை புதிதாக நடுவதுதான் இருவருக்கும் மரியாதை.

நிழலைப் பொறுத்தவரை அல்சூருக்குப் பஞ்சமே இல்லை. ஏரிக்கரையில் மரநிழல் இருக்கிறது. 1809-இல் ஆங்கிலேய ராணுவத்தின் கன்டோன்மென்ட் வந்தபின் தமிழர்கள் பெருகிய தெருக்களில் வீட்டு நிழல் இருக்கிறது. அரை கிரவுண்டுக்கும் குறைவான மனையில் மூன்று மாடி எழுப்பி, எதிர் வீட்டுக்காரர் நான்காவது மாடி எழுப்பியதும் வருவது இது. 2011-இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தூண்களுக்கு அடியில் அரசாங்க நிழலும் சேர்ந்துகொண்டது. எல்லா நிழலும் பால்சத்துக்கு ஆகாது. நண்பகலில் தொட்டிக்கு மேல் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். கையின் நிழல் மங்கலாக விழுந்தால் இடம் சரி. விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் வெயில் அதிகம், இலை கருகும். நிழலே விழவில்லையென்றால் அந்த இடத்தைப் பழைய சைக்கிளுக்கு ஒதுக்கிவிடலாம். காலை வெயில் இரண்டு மணி நேரம் கிடைக்கும் பால்கனி உத்தமம்.

எட்டங்குலத் தொட்டி ஒரு செடிக்குப் போதும். அல்சூரில் தொட்டி என்பது பெரும்பாலும் பெயின்ட் வாளி. அடியில் நாலு ஓட்டை போடுவது முக்கியம். ஓட்டை போடாத வாளியில் செடி வாழாது, கொசுதான் வாழும். செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். தாராள மனத்தோடு யூரியா போடுபவர்களுக்கு இலை தாராளமாகக் கிடைக்கும், பூ கிடைக்காது. விதை தூசிபோல இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணைப் போட்டு மூடக் கூடாது, மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். செடி அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதர் கட்டும். முதல் மொட்டோடு சேர்த்துக் கிள்ள யாருக்கும் மனம் வராது. அதனால்தான் பல வீடுகளில் பால்சம் முருங்கைக்காய் உருவத்தில் இருக்கிறது.

விதையைவிட எளிய வழி கொம்பு. கணுவுக்குக் கீழே வெட்டிய நான்கங்குலத் தண்டை, அடி இலைகளை நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் இரண்டு வாரத்துக்குள் வெள்ளை வேர் இறங்கும். கேட்டு வாங்கிய கொம்பைவிடக் கேட்காமல் கிள்ளிய கொம்பு நன்றாக வேர் பிடிக்கும் என்றொரு நம்பிக்கை தோட்டப் பிரியர்களிடையே உண்டு. தாவரவியல் இதை ஏற்பதில்லை. தெரு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில்தான் இந்தச் செடியின் நடிப்புத் திறன் வெளிப்படும். தண்டு முழுக்க நீர். கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவும். காலையில் ஊற்ற மறந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு இலைகள் தொங்கி, கிளைகள் தொட்டி விளிம்பில் சாய்ந்து, துக்கம் விசாரிக்க ஆள் வரவேண்டிய நிலையில் கிடக்கும். ஒரு சொம்பு ஊற்றினால் மாலைக் காப்பிக்குள் எழுந்து நிற்கும். இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துப் பயந்தவர்கள் அதன்பின் மணிக்கொருமுறை ஊற்றத் தொடங்குவார்கள். அப்போது வேர் அழுகும். அழுகினாலும் இலை அதே மாதிரிதான் தொங்கும். உடனே இன்னும் இரண்டு சொம்பு. பால்சம் செத்துப்போன வீடுகளில் தாகத்தால் போனதைவிடப் பாசத்தால் போனதே அதிகம் இருக்கும். மண்ணில் விரலை முதல் கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். காலையில், வேரில், இலை நனையாமல். இலையின் அடிப்பக்கம் வெள்ளை மாவு பூத்தால் அது அடிச்சாம்பல் நோய்; 2011-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பூங்கா பூங்காவாக இந்தச் செடியைத் துடைத்தெடுத்தது அதுதான். கண்டதும் பிடுங்கிக் குப்பையில் போட வேண்டும். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் போதும்.

பூ உதிர்ந்தபின் சிறு வெண்டைப் பிஞ்சு மாதிரி பச்சைக் காய் தொங்கும். முற்றி உப்பிய காயை விரல் நுனியால் தொட்டால் ஐந்து பக்கமும் பிளந்து சுருண்டு, விதைகள் கண்ணில் படுவதற்குள் பறந்துவிடும். கையில் சுருண்ட பச்சைத் தோல் மட்டும் நெளிந்து கிடக்கும். இந்த அவசரத்தைப் பார்த்துத்தான் பொறுமையில்லாதது என்று பொருள்படும் இம்பேஷியன்ஸ் என்ற லத்தீன் பெயரை வைத்தார்கள். இமயமலைப் பக்கத்து உறவினர் ஒருவர் விதையை ஏழு மீட்டர் வரை எறிவார். அழகாயிருக்கிறதே என்று 1839-இல் பிரிட்டனுக்குக் கொண்டு போனார்கள். அவர் ஆற்றங்கரை ஆற்றங்கரையாகப் பிடித்துக்கொண்டு இன்றுவரை காலி செய்யவில்லை. தொண்டர்கள் வருடாவருடம் கூடிப் பிடுங்குகிறார்கள். அழையாமல் வந்து தங்குபவரை அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த நாட்டுக்கு இப்போது தெரியும்.

இந்தப் பூக்களுக்கு உலகம் கொடுத்த பொருள்கள் பலவிதம். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு செய்தி வைத்திருந்தார்கள். பால்சம் கொடுத்தால் 'இனிப் பொறுக்க முடியாது' என்று அர்த்தம். காதலருக்கும் கடன் கொடுத்தவருக்கும் ஒரே பூ உதவும். ஐரோப்பியக் கத்தோலிக்கர் மாதாவின் காதணி என்றார்கள். கன்னடத்தில் காசித்தும்பை கர்ணகுண்டல. கொரியாவில் காசித்தும்பையை அரைத்து நகத்தில் கட்டிச் சிவக்க வைப்பார்கள். நம் மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருளே இதிலும் இருக்கிறது. முதல் பனி விழும்வரை அந்தச் சிவப்பு நகத்தில் நின்றால் முதல் காதல் கைகூடும் என்பது அங்கே நம்பிக்கை. அல்சூரில் பனி விழாது என்பதால் இங்கே வழக்கு நிலுவையிலேயே இருக்கும். 1920-இல் ஹாங் நன்பா அமைத்த மெட்டில் பாடப்பட்ட பிறகு, ஜப்பானிய ஆட்சியில் வாடிய கொரியாவுக்கே அந்தப் பூ அடையாளமாகிவிட்டது.

தமிழில் நிலைமை வேறு. அண்ணாசாமி முதலியார் சாலையில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்தில் குறிஞ்சிப்பாட்டை எடுத்து 99 பூவையும் விரல்விட்டு எண்ணினாலும் பால்சம் அகப்படாது. தும்பை அகப்படும். இரு படையும் நேருக்கு நேர் மோதும் போருக்குச் சூடிய பூ அது. ஆனால் அந்த வெள்ளைத் தும்பைக்கும் காசித்தும்பைக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. மத்தியானத் தண்ணீர் தவறினால் படுத்துவிடும் ஒரு பூவைச் சூடிக்கொண்டு எந்த மன்னனும் போருக்குப் போயிருக்க மாட்டான். ஆப்பிரிக்க அக்காவுக்கோ தலபுராணம் கிடையாது, தெய்வம் கிடையாது, சரம் தொடுக்கக் காம்பும் போதாது.

அல்சூரில் இது பெரிய அனுகூலம். விடிகாலை ஐந்தரைக்குக் கையில் பிளாஸ்டிக் கவரோடு உடற்பயிற்சிக்குக் கிளம்பும் பக்தர்கள், சுற்றுச்சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்கும் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி எதையும் விடுவதில்லை. சுவாமிக்குத்தானே என்று கேட்டுவிட்டால் வீட்டுக்காரருக்கு வாய் அடைத்துவிடும். பால்சத்தின் பக்கம் அவர்கள் திரும்புவதே இல்லை. பூ பத்திரம். கொம்புக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. ஜூன் மழை தொடங்கும்போது இரண்டு தொட்டி வையுங்கள்: உள்ளே ஒன்று, கேட்டோரமாக அக்கம்பக்கத்தார் கிள்ளிக்கொள்ள ஒன்று.