தலைக்கணக்கு

கம்பெனிக்காரர்கள் ஒரு தாளில் நாலு கட்டம் போடுவார்கள். உள்ளே பார்த்துப் பலம், பலவீனம்; வெளியே பார்த்து வாய்ப்பு, ஆபத்து. அடுத்த வருடத் திட்டத்துக்கு அதுதான் சாஸ்திரம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கும் ஒன்று போட்டுக் கொடுப்போமே, நம்மாலான கைங்கரியம்.

பலம்: 2024-25 பட்ஜெட் 5,141 கோடி ரூபாய். அதைவிடப் பெரிய பலம், எண்ணும் திறமை. நேற்று எத்தனை பேர் சேவித்தார்கள், எத்தனை பேர் முடி இறக்கினார்கள், உண்டியலில் எத்தனை கோடி விழுந்தது என்று தினமும் பிசகாமல் சொல்லிவிடுவார்கள். இறக்கிய முடியும் வீணாகாது, ஏலத்துக்குப் போகும்.

அப்பேர்ப்பட்ட கணக்குப்பிள்ளை 2025 ஜனவரி 8-ஆம் தேதி எங்கே போனார்? வைகுண்ட ஏகாதசிக்கு இலவச தரிசன டோக்கன், மறுநாள் விடிகாலை 5 மணிக்கு. முதல் மூன்று நாளுக்கு 1,20,000. ஜனம் முந்தின நாளே திருப்பதியில் வந்து குவிந்துவிட்டது. பைராகிப்பட்டெடாவில் அவர்களைப் பூங்காவுக்குள் அடைத்து கேட்டைச் சாத்தினார்கள். மணிக்கணக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு முடியாமல் போக, அவரை வெளியே விடக் கேட் திறந்தது. டோக்கன் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் பாய்ந்தது. அன்றிரவு திருப்பதியில் ஆறு பேர் மிதிபட்டுச் செத்தார்கள். ஒருவர் நம் சேலம் மாவட்டத்துப் பெண்.

பலவீனம்: மறுநாள் சஸ்பெண்ட் ஆனவர்களில் ஒருவர் தேவஸ்தானக் கோசாலையின் இயக்குநர். ஆம், மாடு பார்க்கிற கோசாலைதான். அவரைச் சொல்லி என்ன குற்றம்? ஜனத்தைப் பட்டியில் அடைப்பதென்று முடிவான பிறகு வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

வாய்ப்பு: தேவஸ்தானத்தின் ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000, தரிசன டிக்கெட்டுக்கு 500 என்று கட்டுகிற புண்ணியவான். அவரை எந்தப் பூங்காவிலும் வைத்துப் பூட்டுவதில்லை. 300 ரூபாய் டிக்கெட்காரர்கூட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஆன்லைனில் பதிந்துகொள்ளலாம். கையை வீசிக்கொண்டு வந்த கோவிந்தா கோஷக்காரனுக்குத்தான் ஆபத்துக் கட்டம். தேவஸ்தானத்துக்கு ஆபத்தே அவன்தானாம். அவனுக்கு எது ஆபத்து என்று எழுத அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

அடுத்த ஏகாதசி 2025 டிசம்பர் 30-இல் வந்தது. முதல் மூன்று நாளுக்கும் ஆன்லைனில் பதிவு, குலுக்கலில் டோக்கன். அந்தக் கம்ப்யூட்டர் ஜனவரியிலும் தேவஸ்தானத்தில்தான் இருந்தது.