நான்காம் விதி

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நூலகவியலின் நான்காம் விதி. 1931இல் ஐந்து விதிகளையும் நூலாக்கியவர், சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். நம் கிளை நூலகங்கள் சில அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கின்றன. "சோழர் கால ஏரிப் பாசனம் பற்றி ஏதாவது..." என்று இழுப்பதற்குள், தலை நிமிராமலே கை நீளும்: "அந்தப் பக்கம் பாருங்க." அந்தப் பக்கம் சர்க்கரை நோயும் சமையல் குறிப்பும் இருக்கும். திரும்பி வந்து சொன்னால், "அப்ப இல்லைங்க." நேரம் இன்னும் மிச்சம்.

வாசகர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறாக இருக்கும். இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டால் தெரிந்துவிடும் என்கிறது நூலகவியல். இங்கேயும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: "மெம்பரா? பையை வெளியே வச்சீங்களா?"

நூலகரையும் குறை சொல்ல முடியாது. பூட்டைத் திறப்பதும், பெருக்குவதும், பேப்பர் அடுக்குவதும் அந்த ஒரே ஆள்தான். ஆகவே சரியான அலமாரியைக் காட்டுபவர், நாளிதழ் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்குச் சம்பளம் கிடையாது. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி மட்டும் தவறாமல் கட்டுகிறார்.