ஆர்டர் நிரம்பினால் காலண்டர் எதற்கு?

கேள்வி: தை அறுவடைக்கு முன்பே எங்கள் மில்லில் அத்தனை மூட்டைக்கும் அட்வான்ஸ் வந்துவிட்டது. இந்த வருஷம் மில் பெயர் போட்ட காலண்டர் வேண்டாம் என்றால் மகன் முறைக்கிறான். யார் சொல்வது சரி?
– அரிசி ஆலைக்காரர், மண்ணச்சநல்லூர்

பதில்: மகன்தான். நிரம்பியது இந்தத் தை. அடுத்த தைக்கு யார் அட்வான்ஸ் கொடுத்தார்கள்? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1986இல் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியை வெளியிட்டபோது, உங்கள் ஊருக்கு மட்டும் பட்டா போட்டுத் தரவில்லை. பொன்னி ஆரணியிலும் உண்டு, செங்குன்றத்திலும் உண்டு. மளிகைக் கடையில் நின்று ‘மண்ணச்சநல்லூர் பொன்னி இருக்கா?’ என்று கேட்க வைப்பது நெல் இல்லை, பெயர். அந்தப் பெயரைச் சுவரில் நிறுத்துவதுதான் காலண்டர்.

2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் மூட்டையை ஒரே கிலோ ஏற்றி 26 ஆக்கிய மூளைக்காரர்கள் உங்கள் தொழிலில் உண்டு. காலண்டரில் போய்க் கஞ்சத்தனமா? அரிசி தீர்ந்த பிறகும் உங்கள் சாக்கு காய்கறிப் பையாகி, பஸ்ஸில் உங்கள் பெயரை டிக்கெட் எடுக்காமல் சுமக்கிறதே!

பக்கத்துச் சமயபுரத்தில் அம்மனுக்குக் கூட்டம் குறைச்சலா? ஆனாலும் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அவளே பச்சைப் பட்டினி கிடக்கிறாள். உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. காலண்டர் அச்சானதும் எனக்கு ஒன்று அனுப்புங்கள்; ராகுகாலம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.